பிணப்பாதையில் சொன்ன சாவு

பகல் பன்னிரண்டு மணி நெருங்குகிற நேரம். நம் எல்லர்லோவுக்கும் அடுத்த ஊர் ஹார்பெலுக்கும் நடுவே, பிணம் சுமந்துபோகிற பிணப்பாதை. பாதையில் ஒரே ஒருவன்.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் எழுதி வைத்தது? ராத்திரியில் நாமெல்லாம் இப்படி அடுப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். மனிதன் தனியாக அகப்படுவது பகலில்தான். இன்னொரு கரிமண் கட்டியை அடுப்பில் போடுங்கள்... ம். பெரெண்ட், நீ ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறாய்? உன் தாய்மாமன் கதைதான். உன் அம்மா யாந்தின் சொன்னதைத்தான் சொல்லப்போகிறேன். பிசகினால் நீயே திருத்து.

நம் பொட்டலைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. முழங்கால் உயரப் புதர், மணல் தடம், அங்கங்கே கருங்குட்டை. பாதி வழியில் அந்தப் பழைய கல்திட்டை. எதிரே ஓர் ஆள் வந்தால் அரை மணி நேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ள ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூட இடம் இருக்காது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்பெர்ட் லூனிங்குக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, தங்கை யாந்தின்தான் சமைத்துப் போட்டாள். ஆகாததற்குக் காரணம் அடுத்த வீட்டு ஸ்வாந்தின். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டான். அவளுடைய அப்பா வோல்டர் ஹாடர்ஸுக்குப் பூரண சம்மதம், இரண்டு வீட்டு நிலமும் ஒன்றாகுமே என்று. அவளுக்குத்தான் சம்மதமில்லை. பொட்டலைத் திருத்த வந்த கூலிக்காரன் ஃப்ரெர்க் என்பவனோடு ஹார்பெலுக்குப் போய்விட்டாள். சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாதவன், வேற்றுச்சீமை ஃப்ரீஸ்லாந்துக்காரன் வேறு. வோல்டர் அன்றைக்குக் கதவைச் சாத்தினவர்தான். மகள் பேரை யாரும் அவர் காதுபடச் சொல்லக்கூடாது.

எக்பெர்ட் அதோடு விட்டானா? விடவில்லை. பெண்ணை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவர் என்று ஊரெல்லாம் சொன்னான். வோல்டரும் பதிலுக்கு, ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்த வக்கில்லாதவன் என்றார். ஒன்பது வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நடுவே இருந்தது ஒரு வேலி, நாலு ஓக் மரம்.

ஆனால் முதல் அண்டைவீடு என்பது பிடித்து வருவதில்லையே. வீடு எங்கே நிற்கிறதோ அதை வைத்து வருவது. முகம் பார்க்காமல் இருந்தாலும், அந்த வீட்டில் சாவு விழுந்தால் இவன்தான் குளிப்பாட்ட வேண்டும், பெட்டியில் வைக்க வேண்டும், ஊர் ஊராகச் சாவு சொல்லப் போக வேண்டும். இவன் செத்தால் அவர்கள். மறுத்தவன் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

நவம்பர் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை வோல்டர் வீட்டு வேலைக்காரி வந்து கதவைத் தட்டினாள். எக்பெர்ட் போனான். சுவரோடு பதித்த கட்டில் அலமாரிக்குள், படுக்கையில் கிழவர் சுருண்டு கிடந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வேலைக்காரியை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஒன்பது வருஷம் கழித்து அவனிடம் பேசினார்.

"ஸ்வாந்தினுக்கு நீதான் சொல்லப் போவே. சாவை மட்டும் சொல்லிட்டு வந்துடாதே. கதவைச் சாத்தினது நான், சாத்தியிருக்கக் கூடாது... அப்பா அப்படிச் சொன்னார்னு சொல்லு. சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லிட்டுப் போகும்வரை அவன் உட்கார்ந்திருந்தான். சாகிறவர் மேல் அவனுக்கு அந்த நேரம் கோபம் இல்லை. இதை யாந்தின் அழுத்தமாகச் சொன்னாள், அதனால் நானும் சொல்கிறேன்.

பத்து மணிக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஹார்பெலுக்குக் கிளம்பினான். இரண்டரை மணி நேர நடை. மழை இல்லை, ஆனால் காற்றில் ஈரம் தொங்கியது. கம்பளிச் சட்டையில் ஆட்டு வாடை அடித்தது. காய்ந்த புதர் முழங்காலில் உரசி, சர்ர்... சர்ர்... என்றது. வேறு சத்தமே இல்லை.

நடக்க நடக்க அவனுக்குக் கோபம் வந்தது. கிழவருக்காக வந்த இரக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஹார்பெலில் முதல் வீடே அவளுடையதுதான், பாதை அவள் வாசலை ஒட்டிப் போகிறது. அந்த வாசற்படியில், அந்தக் கூலிக்காரன் வீட்டு வாசற்படியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். உன் அப்பா உன்னை மன்னித்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். அவளை எல்லோரும் மன்னிக்கலாம். இவனிடம் வந்து யார் எதைச் சொன்னார்கள்?

கல்திட்டையைத் தாண்டும்போது எதிரே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

பெண். தலையிலிருந்து இடுப்புவரை கறுப்புத் துக்கத்துணி. பாதையில் இவனை நோக்கித்தான் வந்தாள். கால் மணி நேரம் நடந்தான். அவள் அதே அளவில்தான் இருந்தாள். குனிந்து செருப்பில் சிக்கிய முள்ளை எடுத்தான். நிமிர்ந்தால்... பத்தடியில் நிற்கிறாள்.

ஸ்வாந்தின். துணிக்குள் முகம் பாதிதான் தெரிந்தது. ஆனால் அந்த மோவாய், அந்த உயரம், ஒரு தோளைச் சாய்த்து நிற்கிற விதம். ஒன்பது வருஷம் தினமும் அவளை நினைத்தவனுக்குத் தெரியாதா?

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அவளோடு அவள் வீடுவரை நடந்திருப்பீர்கள். சாவை வாசற்படியில் நின்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் உள்ளே நின்று, "சொன்னீங்க, கேட்டோம்" என்று சொல்ல வேண்டும். வழியில் பெற்ற தாயே எதிர்ப்பட்டுக் கேட்டாலும் மூச்சு விடக்கூடாது. வீட்டுக்குள் நிற்பது யாரென்று தெரியும். பாதையில் நின்று கேட்பது யாரென்று தெரியாது. நமக்கு இது பால்குடி மறக்கும் முன்பே தெரியும். எக்பெர்ட்டுக்கும் தெரியும்.

தெரிந்துதான் சொன்னான். அந்த வாசற்படியை மிதிக்காமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்று சொன்னான்.

"வோல்டர் ஹாடர்ஸ் போயிட்டார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். நீங்க வரணும்."

அவள் அசையவில்லை. சொல்வதற்கு முன்பே அவள் ஏன் துக்கத்துணி போட்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் தோளெல்லாம் ஈரம் முத்து முத்தாக நின்றது. அவள் துணி மட்டும் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல உலர்ந்திருந்தது. ஒரு வாசனை வந்தது. கரிமண் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறி நாள்பட்டுக் கிடக்குமே, அந்தப் புளித்த வாசனை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

கவனியுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. எப்படிப் போனார், எப்போது போனார், ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேள்விதான். கிழவர் கொடுத்த வார்த்தை அவன் நாக்கு நுனியில் இருந்தது. அவன் அதை விழுங்கினான்.

"அவ்வளவுதான்."

"சரி. சொன்னே. கேட்டேன்."

அவன் திரும்பி நடந்தான். நூறு அடி போய்ப் பார்த்தபோது அவள் அங்கேயே நின்றாள். இருநூறு அடி போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை. மொட்டைப் பொட்டலில் எங்கே போவாள்? உட்கார்ந்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அழட்டும் என்றும் நினைத்துக்கொண்டான். சீக்கிரம் வீடு திரும்பினால் யாந்தின் கேள்வி கேட்பாளே என்று, ஊருக்கு வெளியே ஆட்டுக்கொட்டகையில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்துவிட்டுத்தான் போனான்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள்.

ஊரே பார்த்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் பின்வாசல் வழியாக வந்தாள், துணி தலையில். மகள் வந்துவிட்டாள் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அப்பாவோடு தனியாக இருக்கட்டும் என்று கதவைக்கூடச் சாத்திக் கொடுத்தார்கள். உள்ளே கால் மணி நேரம். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. பிறகு பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்தாள். மற்ற பெண்களின் மரச்செருப்பு மணலில் பொத் பொத்தென்று விழுந்தது. அவள் கால் சத்தம் மட்டும் யாந்தின் காதில் விழவில்லை. அடக்கத்துக்குப் பிறகு திராட்சை ரொட்டி, காபி. ஊற்றினது யாந்தின்தான். எல்லாக் கோப்பையிலும் ஆவி பறந்தது. அவள் முன்னால் வைத்த கோப்பையில் பாலாடை கட்டிவிட்டது. அடுத்த பாத்திரம் கொண்டுவந்து பார்த்தபோது நாற்காலி காலி. பெரிய கர்வக்காரி, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

பெரெண்ட், சரியாகச் சொல்கிறேனா? தலையை ஆட்டுகிறான், பாருங்கள்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் விட்டு எல்லோரும் வெளியே வருகிறார்கள். ஸ்வாந்தின் ஓடிவருகிறாள். தலையில் துணி இல்லை, மயிரெல்லாம் கலைந்து, காலெல்லாம் மணல். நெஞ்சில் கட்டின துண்டுக்குள் பச்சைக் குழந்தை. பிறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. முட்டை வாங்க வந்த வியாபாரி பேச்சுவாக்கில் சொன்னானாம், உன் அப்பா போய்விட்டாரே என்று.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நீதான் வந்தாயே. பெட்டிக்குப் பின்னால் நடந்தாயே. உனக்குக் காபி ஊற்றினோமே. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூட அவளை நம்பவில்லை. கடைசியில் எக்பெர்ட் முன்னால் வந்து நின்றாள்.

"நீதானே முதல் அண்டைவீடு? என் வாசப்படியில வந்து நின்னியா?"

கூட்டம் முழுக்க அவன் வாயையே பார்த்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. பாதையில் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. ஊர் காறித் துப்பியிருக்கும், துப்பட்டுமே. அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் வார்த்தையாவது கிடைத்திருக்கும்.

"நின்னேன்" என்றான். "தொப்பியைக் கழட்டிட்டுச் சொன்னேன். நீயும் கேட்டேன்னு சொன்னே."

அவள் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குப் பிரசவ வலி. அந்த வாரம் முழுக்கக் கட்டிலை விட்டு எழுந்திருக்கலை. சரி, இத்தனை பேர் சொல்றீங்க... அப்ப எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு."

அப்பாவின் குழிமேட்டைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனாள். பிரசவத்தில் மூளை கலங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. அந்தப் பேச்சு ஹார்பெல் வரைக்கும் போனது. அவள் புருஷனே குழந்தையை அவளிடம் தனியாக விடப் பயந்தானாம். அதன்பிறகு அந்த வீட்டுக்கு மனிதர் போக்குவரத்து நின்றுபோனது. ஒரு மனுஷன் இரண்டரை மணி நேரம் முழுதாக நடக்காததால் வந்த வினை இவ்வளவும்.

எக்பெர்ட் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு குறைந்தது. வேலியோரம் போனால் பொட்டல் பக்கம் பார்க்கமாட்டான். குளிர்காலம் போனது.

மார்ச் மாதம், திங்கட்கிழமை, மதியம். கதவு தட்டும் சத்தம். யாந்தின் மாவு பிசைந்துகொண்டிருந்ததால் எக்பெர்ட்டே போய்த் திறந்தான். வெளியே அவன் மாமன் மகன் லூஹின், ஹார்பெலிலிருந்து வந்திருக்கிறான். கறுப்புக் கோட்டு, உயரத் தொப்பி. எக்பெர்ட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கீழே போட்டுவிட்டான்.

யாருக்கு என்ன என்று எக்பெர்ட் கேட்டான். லூஹினுக்கு வாய் குழறியது. விளையாட்டா இது என்று கோபப்பட்டான். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்குத்தான், மாப்ளே. உன் முகத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இன்னைக்குக் காலையில ஒருத்தி வந்து சொன்னா. தலையில துணி போட்டிருந்தா. எங்க தெருவுல ஒரு வீடு விடாம சொல்லிட்டுப் போனா."

"எங்கே நின்னு சொன்னா?"

"எங்கேன்னா? வாசப்படியிலதான். முறைப்படி. நாங்களும் கேட்டோம்னு சொல்லிட்டோமே."

எக்பெர்ட் குனிந்து, கீழே கிடந்த தொப்பியை எடுத்து அவனிடம் கொடுத்தான். பிறகு, அடக்கம் எப்போது என்று சொன்னாள் என்று கேட்டான். வியாழக்கிழமை பதினோரு மணி என்றான் லூஹின்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அவன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான். கிழவரின் வார்த்தை, கல்திட்டை, உலர்ந்த துணி, ஆட்டுக்கொட்டகை, ஒன்றுவிடாமல். யாந்தின் அழுதாள், திட்டினாள். காலையில் போய் அந்த வாசற்படியில் நின்று சொல்லிவிடுகிறேன் என்றான். நானும் வருகிறேன் என்றாள். இது நான் நடக்க வேண்டிய நடை என்று சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதே கறுப்புச் சட்டையில் கிளம்பினான். வேலியருகே நின்று யாந்தின் பார்த்தாள். தட்டையான நிலம் அல்லவா, ரொம்ப தூரம் தெரிந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பார்த்தாளாம். கடைசியில் ஒரு புள்ளி. அப்புறம் அது அங்கேயே நின்றது.

ஆடு மேய்க்கப் போனவன் பார்த்துவிட்டு ஓடிவந்தான். கல்திட்டையைத் தாண்டி, பாதை நடுவில், ஹார்பெல் பக்கம் முகம் வைத்து எக்பெர்ட் கிடந்தான். ஒரு காயம் கிடையாது. காலை முழுக்க வெயில், துளி மழை இல்லை. ஆனால் சட்டை பிழியப் பிழியத் தண்ணீர்... புளித்த வாசனை.

சாவு சொல்ல யாரும் போகவில்லை. போக வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சுற்றியுள்ள எட்டு ஊர்க்காரர்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். எல்லா வீட்டுக்கும் திங்கட்கிழமையே சொல்லியாகிவிட்டது. முறைப்படி, வாசற்படியில் நின்று.

வெள்ளிக்கிழமை யாந்தின் தனியாகப் பொட்டலைக் கடந்தாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். பயத்தைவிட வெட்கமாக இருந்தது என்றாள். எதிரே யாரும் வரவில்லை. ஹார்பெலின் முதல் வீட்டு வாசற்படியில் நின்று, யாரையும் முந்திக்கொண்டு பேச விடாமல், நாலு மாதம் பிந்தி வோல்டரின் சாவைச் சொன்னாள். அப்பாவின் வார்த்தையையும் சொன்னாள், அவர் சொன்னபடியே. அண்ணன் அதை விழுங்கினதையும் மறைக்கவில்லை.

ஸ்வாந்தின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. "சொன்னீங்க, கேட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம்தான் யாந்தினின் கறுப்பு உடுப்பைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். எக்பெர்ட்டுக்கு என்றதும் அவளுக்கு விளங்கவில்லை. எட்டு ஊருக்கும் தெரிந்த சாவு, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

எப்போது போனான் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை, நேற்று அடக்கம் ஆகிவிட்டது என்றாள் யாந்தின்.

"நேத்தா?" என்றாள் ஸ்வாந்தின். "நேத்து மத்தியானம் அவன் இந்தப் பாதையில போறதைப் பாத்தேனே. கூட ஒரு பொம்பளை போனா, தலையில துணியோட. இந்தத் தடவையாவது வந்து சொல்லுவான்னு கதவைத் திறந்து வச்சுட்டு நின்னேன். அவன் நிக்க வந்தான். அவதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா."